மரம் கேட்டு வந்தவள்

காசியம்மா: அதுல கை வைக்காதீங்க. அது ஓர மரம்.

லூர்தம்மாள்: வெட்டலீங்க... என் தோள் ஒசரம் இருக்கான்னு சும்மா தொட்டுப் பாத்தேன்.

காசியம்மா: தொட்டுப் பாக்குறவங்கதான் அடுத்து வெலை கேப்பாங்க. யாரும்மா நீங்க? சவுக்குத் தோப்புக்குள்ள ஒத்தையில, செருப்பக் கையில புடிச்சிக்கிட்டு...

லூர்தம்மாள்: காரைக்காலுங்க. வரப்பெல்லாம் சேறு, அதான் கழட்டிட்டேன். கிறிஸ்மஸ் வருதுல்ல... வூட்ல வைக்க ஒரு மரம் வேணும். கோட்டுச்சேரியில பஸ்ஸ விட்டு எறங்கி விசாரிச்சேன். காசியம்மா தோப்புல சவுக்கு வெட்டுறாங்கன்னு சொன்னாங்க.

காசியம்மா: காசியம்மா தோப்புன்னா சொன்னாங்க?

லூர்தம்மாள்: ஆமாங்க.

காசியம்மா: மருதையன் தோப்புன்னுதான் ஊரே சொல்லும். எம்பேரு யாரு வாயிலேருந்து வந்துச்சு?

லூர்தம்மாள்: அது... டீக்கடையில யாரோ ஒருத்தர்...

காசியம்மா: டீக்கடையில எம்பேரச் சொல்றாங்களா! பரவால்ல. வூட்டுக்காரரவிட நான் பெரிய ஆளாயிட்டேன் போலிருக்கு.

லூர்தம்மாள்: நீங்கதான் காசியம்மாளா?

காசியம்மா: அது தெரியாமயா இவ்வளவு தூரம் வந்தீங்க? சரி, ஒங்க பேரு?

லூர்தம்மாள்: எம்பேரா... திரேசம்மா.

காசியம்மா: பேரச் சொல்ல இவ்வளவு யோசனையா?

லூர்தம்மாள்: மூச்சு வாங்குதுங்க. ரோட்டுலேருந்து ரொம்ப தூரம்ல.

காசியம்மா: தூரந்தான். காரைக்கால் மாதா கோயில் வாசல்லயே சவுக்கு கட்டு கட்டாக் கெடக்குமே. நாலு ரூவாய்க்கு அள்ளிக்கிட்டுப் போறாங்க. அத வுட்டுட்டு பஸ்ஸுக்குக் காசு குடுத்து, சேத்துல நடந்து...

லூர்தம்மாள்: போயிப் பாத்தேங்க. வாங்க மனசு வரல.

காசியம்மா: ஏன், நல்லா இல்லியா?

லூர்தம்மாள்: நல்லாத்தான் இருக்கு. எல்லாம் வேரோட புடுங்குன கன்னு. கடக்கரையில பொயலுக்குத் தடுப்பா அரசாங்கம் வெச்சதாம். ராத்திரியோட ராத்திரியா யாரோ புடுங்கிக் கொண்டாந்து கொட்டியிருக்காங்க. வேர்ல ஈர மண்ணு அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கு. எழுவத்தேழுல அடிச்ச பொயல்ல நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஓடு பூரா பறந்து, ஒரு ராத்திரி முச்சூடும் கட்டிலுக்கு அடியில குந்தியிருந்தோம். மறுபடியும் ஒரு பொயல் வந்தா அந்தக் கன்னுதான நிக்கணும்? அதையே புடுங்கிக் கொண்டாந்து நடுவூட்ல வெச்சு ஜரிகத்தாளு ஒட்டுறதுக்கு...

காசியம்மா: அப்ப என் தோப்பு மரத்துக்கு மட்டும் வலிக்காதா? இந்த ஓர வரிசையும் காத்துக்குத்தான் நிக்கிது. பொயலடிச்ச மறுவருஷம் நானும் அவருமா கொடத்துல தண்ணி சொமந்து ஊத்துனது. தோப்பு பூரா வெட்டுனாலும் இந்த வரிசைய வெட்டமாட்டோம். செத்துச்சுன்னா அந்த எடத்துல வேற கன்னு வைப்போம், அவ்வளவுதான். நீங்க தொட்டதும் அப்படி வெச்சதுதான்.

லூர்தம்மாள்: தெரியாதுங்க. ஓர மரம்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டேன்.

காசியம்மா: தெரியாமத் தொடுறது ஒண்ணும் தப்பில்ல. தெரிஞ்சே வெட்டிவுடுற ஆளுங்களும் இருக்காங்க.

லூர்தம்மாள்: என்ன சொல்றீங்க?

காசியம்மா: மரத்தத்தான் சொல்றேன். ஒங்க வூட்டுக்காரரு என்ன பண்றாரு?

லூர்தம்மாள்: மெரியில இருந்தாரு. முனிசிபாலிட்டியில. இப்ப பென்ஷன்.

காசியம்மா: மெரியிலயா...

லூர்தம்மாள்: ஏங்க? தெரிஞ்சவங்க யாராவது அங்க...

காசியம்மா: எனக்கு யாரத் தெரியும்? நான் தோப்பும் வயலுமாக் கெடக்குறவ. புள்ளைங்க எத்தன பேரு?

லூர்தம்மாள்: இல்லீங்க.

காசியம்மா: என்னது?

லூர்தம்மாள்: புள்ளைங்க... இல்ல.

காசியம்மா: ஒண்ணுகூடவா?

லூர்தம்மாள்: இல்லன்னுதான் சொன்னேனே.

காசியம்மா: கோவப்படாதீங்க. புள்ளையில்லாத வூட்டுக்கு மரம் எதுக்குன்னு ஒரு இதுல கேட்டேன். சின்னஞ்சிறுசுங்க ஆசப்படும், வைப்பாங்க. ரெண்டு கெழடுங்க எதுத்தாப்புல எதுத்தாப்புல குந்திக்கிட்டு மரத்தப் பாத்துக்கிட்டு இருப்பீங்களா?

லூர்தம்மாள்: குடிலுக்குப் பக்கத்துல வைக்கணுங்க. கொழந்த சேசு பொறக்குறாருல்ல.

காசியம்மா: ஊரான் பெத்த கொழந்தைக்கு மரம் வைக்கிறீங்க. நல்ல மனசுதான்.

லூர்தம்மாள்: மரம் குடுக்கறதுன்னா குடுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. எதுக்கு இப்படிக் குத்திக் குத்தி...

காசியம்மா: குத்துறேனா? நானா? இருபது ரூவா.

லூர்தம்மாள்: ஒரு மரத்துக்கா?

காசியம்மா: தோள் ஒசரம் கேட்டீங்கள்ல. இன்னும் ரெண்டு வருஷம் வளந்தா அது கழியாவும். ஒரு வார அலங்காரத்துக்காக இப்பவே சாவுது. அதுக்குண்டான வெலை. கட்டுபடி ஆவலன்னா வந்த வழியாவே...

மருதையன்: ஏ காசி! யாரு புள்ள அது? பேச்சுச் சத்தம் தோப்புக்கு அந்தாண்ட கேக்குது.

காசியம்மா: மரம் வாங்க வந்திருக்காங்க. நீங்க போயி வேலையப் பாருங்க.

மருதையன்: வாங்கம்மா, வாங்க. எந்த ஊரு? ஏ புள்ள, வெயில்ல நிக்க வெச்சிருக்கியே, தண்ணி குடுத்தியா?

காசியம்மா: கேக்கல.

மருதையன்: வந்தவங்க கேட்டாதான் குடுப்பியா? இது என்ன புதுப் பழக்கம்? அம்மா, அந்தா தெரியுது பாருங்க மோட்டார் கொட்டாயி. உள்ள பான இருக்கு. மருமவப் புள்ளதான் காலையில ஊத்தி...

காசியம்மா: அஞ்ச, கொட்டாயிப் பக்கம் போவாதீங்க!

லூர்தம்மாள்: ஏங்க?

காசியம்மா: அஞ்ச... பாம்பு கெடக்குது.

மருதையன்: பாம்பா? எப்ப? நான் காலையிலதான அதுல மண்வெட்டிய எடுத்தேன்?

காசியம்மா: ஒங்களுக்குத்தான் சாயங்காலமானா கண்ணு தெரியாது. இப்பவும் தெரியல போலிருக்கு.

லூர்தம்மாள்: தண்ணி வேணாங்க. தாகமில்ல.

மருதையன்: சரி, மரம் எதுக்கும்மா? பந்தலுக்கா, அடுப்புக்கா?

லூர்தம்மாள்: கிறிஸ்மஸுக்கு.

மருதையன்: அடடே, அப்படிச் சொல்லுங்க. எங்க வூட்டுக்கும் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்ல. அதுக்கு எதுக்கும்மா நிக்கிற மரம்? நேத்து வெட்டிச் சாச்ச மரத்து நுனியெல்லாம் அங்க குமிஞ்சு கெடக்கு. கழிய லாரிக்காரன் ஏத்திக்கிட்டான். மிளாறு பூரா அடுப்புக்குத்தான் போவுது. அதுல நல்ல கூம்பா, தோள் ஒசரத்துக்கு ஒண்ணு இழுத்துக்குங்க. காசே வேணாம்.

லூர்தம்மாள்: நுனியா? வாடிடாதுங்களா? கிறிஸ்மஸுக்கு இன்னும் நாலு நாளு இருக்கே.

மருதையன்: வாடாதும்மா. அடிக்கட்டைய சாய்வாச் சீவி, மண்ணெண்ணெத் தகரத்துல ஈர மணலக் கொட்டி அதுல நட்டுடணும். தெனம் ஒரு சொம்பு தண்ணி. ஜனவரியில ராஜாக்கள் திருநாளு வருதுல்ல, அது வரைக்கும் பச்சையா நிக்கும்.

லூர்தம்மாள்: ஈர மணல்லயா?

மருதையன்: ஆமா.

லூர்தம்மாள்: இத... இத ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?

மருதையன்: எங்க மருமவதான். அவ கிறிஸ்தவப் புள்ள. போன வருஷம் நான் அது கேட்டுதேன்னு நிக்கிற மரத்துல அருவாளப் போட்டுட்டேன். ஓடியாந்து கையப் புடிச்சிக்கிச்சு. 'மாமா, முழு மரத்த வெட்டாதீங்க. சாச்ச மரத்து நுனி போதும். எங்கப்பா அப்படித்தான் செய்வாரு, ஈர மணல்ல வெச்சு...'

காசியம்மா: எந்த அப்பா?

மருதையன்: அதான் புள்ள, அது அப்பா...

காசியம்மா: செத்துப் போனவரா?

மருதையன்: செத்தா? யாரு செ...

காசியம்மா: ஏங்க, அஞ்ச ஆளுங்க கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. போங்க. போயி அந்த நுனியில நல்லதா ஒண்ணு பாத்து இழுத்துக்கிட்டு வாங்க. கயிறும் எடுத்தாங்க.

மருதையன்: போறேன், போறேன். எதுக்கு இப்படி வெரட்டுற...

லூர்தம்மாள்: நல்ல மனுஷர் ஒங்க வூட்டுக்காரரு.

காசியம்மா: நல்லவருதான். வாயில ஒண்ணும் நிக்காது.

லூர்தம்மாள்: ஒங்க மருமவ... அப்பா அம்மா இல்லாத புள்ளையா?

காசியம்மா: அப்படித்தான் சொல்லுச்சு.

லூர்தம்மாள்: எப்ப செத்தாங்களாம்?

காசியம்மா: ரெண்டு வருஷம் ஆச்சு. எம்மவன் பாலகுருகூட ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்தன்னிக்கே அப்பாரு செத்துட்டாராம்.

லூர்தம்மாள்: அந்த அம்மாவுமா?

காசியம்மா: அந்தம்மா சாவல, சாவலன்னுதான் மருமவ ரொம்ப நாளு சொல்லிக்கிட்டு இருந்திச்சு. கடுதாசி போட்டுது. ஒண்ணில்ல, மூணு.

லூர்தம்மாள்: கடுதாசியா?

காசியம்மா: ஏன், கடுதாசின்னா தெரியாதா?

லூர்தம்மாள்: யாரு பேருக்குப் போட்டா? அம்மா பேருக்கா?

காசியம்மா: அம்மா பேருக்குத்தான். நானே பக்கத்துல குந்தி எழுதச் சொன்னேன். 'என்னய மன்னிச்சுடுங்க, எனக்கு இஞ்ச ஒரு கொறையுமில்ல, ஒரு தடவ வந்து பாருங்க'ன்னு. மூணும் வாங்க மாட்டோம்னு எழுதித் திரும்பி வந்திடுச்சு. மூணாவது வந்தன்னிக்கு அது சோறு திங்கல. மறுநாளு எந்திரிச்சு, 'அத்தே, எங்கம்மாவும் செத்துட்டாங்க'ன்னு சொல்லிட்டு அவிச்ச நெல்லக் காயவைக்கப் போயிடுச்சு.

லூர்தம்மாள்: அது எனக்கு... அந்தம்மாவுக்குக் கெடச்சிருக்காதுங்க.

காசியம்மா: ஒங்களுக்கு எப்படித் தெரியும்?

லூர்தம்மாள்: ஒரு... ஒரு பேச்சுக்குச் சொல்றேன். தபால்காரர் பதினோரு மணிக்கு வருவாரு. அந்த நேரத்துல அந்தம்மா வூட்ல இல்லாம இருந்திருக்கலாம். எங்கயாவது... மடத்துல புள்ளைங்களுக்குத் தையல் சொல்லிக் குடுக்கப் போயிருக்கலாம். வூட்ல இருந்த ஆளு வாங்கி...

காசியம்மா: வாங்கியிருந்தாதான் பரவால்லியே. வாங்காமத் திருப்பி அனுப்பியிருக்காருல்ல.

லூர்தம்மாள்: மூணுமா... மூணு தடவையுமா...

காசியம்மா: என்ன, மொகம் இப்படி வெளுக்குது? யாரோ பெத்த புள்ள, யாரோ போட்ட கடுதாசி. ஒங்களுக்கு என்ன?

லூர்தம்மாள்: ஒண்ணுமில்ல. வெயிலு.

காசியம்மா: மார்கழி மாசத்து வெயிலா?

லூர்தம்மாள்: கேட்டா மனசு கஷ்டமா இருக்குல்ல... யாரா இருந்தா என்ன.

காசியம்மா: அப்ப இதையும் கேளுங்க. போன மாசம் ஒங்க கல்லறைத் திருநாளு வந்துச்சுல்ல? செத்தவங்களுக்கெல்லாம் மெழுகுவத்தி கொளுத்துவீங்களே. அந்த அப்பாரு இருக்காரே, அவரு தன்னப் பெத்த ஆத்தா கல்லறையில ரெண்டு கொளுத்துனாராம். ஒண்ணு ஆத்தாளுக்கு. இன்னொண்ணு மவளுக்கு. பேரச் சொல்லியே கொளுத்தியிருக்காரு. எங்க ஊரு ஆளு ஒருத்தர் பூ விக்கப் போனவரு பாத்துட்டு வந்து சொன்னாரு. உசுரோட இருக்குற புள்ளைக்கு! இதோ இந்தத் தோப்புல நடமாடிக்கிட்டு இருக்குற புள்ளைக்கு!

லூர்தம்மாள்: அது எரியல.

காசியம்மா: என்ன?

லூர்தம்மாள்: அந்த ரெண்டாவது வத்தி எரியலீங்க. அவ கையாலேயே அணைச்சுட்டா.

காசியம்மா: யாரு?

லூர்தம்மாள்: அந்தம்மா. அத்தன சனத்துக்கு முன்னாடி. சுடர உள்ளங்கையால அமுக்கி... அந்த மனுஷன் கைய ஓங்கிட்டாரு. சாமியாரு வந்துதான் வெலக்கிவுட்டாரு.

காசியம்மா: இது எப்படித் தெரியும் ஒங்களுக்கு?

லூர்தம்மாள்: பக்கத்துல நின்னேன்.

காசியம்மா: எவ்வளவு பக்கத்துல?

லூர்தம்மாள்: பக்கத்துலன்னா... பக்கத்துல.

காசியம்மா: எங்க, வலது கையக் காட்டுங்க.

லூர்தம்மாள்: எதுக்கு?

காசியம்மா: காட்டுங்கன்னா...

லூர்தம்மாள்: வேணாங்க. விடுங்க. அது சமையல்ல சுட்டுக்கிட்டது... இருங்க. அது என்ன சத்தம்?

காசியம்மா: எது?

லூர்தம்மாள்: கொட்டாயிலேருந்து. வளையல் சத்தம் மாதிரி கேட்டுச்சு.

காசியம்மா: வெட்டு ஆளுங்க.

லூர்தம்மாள்: வெட்டு ஆளுங்க கை நெறைய கண்ணாடி வளையல் போட்டுக்கிட்டா வெட்டுவாங்க?

காசியம்மா: கட்டுக் கட்ட பொம்பள ஆளுங்களும் வந்திருக்கு. இந்தப் பக்கம் திரும்புங்க. அஞ்ச பாக்காதீங்க.

லூர்தம்மாள்: பாம்பு இருக்குற கொட்டாயில பொம்பளைங்க என்னங்க பண்றாங்க?

காசியம்மா: ஒங்களுக்கு மரம் வேணுமா, கொட்டாயி வேணுமா?

லூர்தம்மாள்: ...மரந்தான்.

காசியம்மா: நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

லூர்தம்மாள்: மரத்துக்குத்தான வந்தேன். வேற எதுக்கு வருவேன்?

காசியம்மா: அதானே. வேற எதுக்கு வருவீங்க? ரெண்டு வருஷமா வராதவங்க...

லூர்தம்மாள்: என்ன?

காசியம்மா: இந்தப் பக்கம் மரம் வாங்க ரெண்டு வருஷமா ஆளு வரலன்னு சொன்னேன்.

லூர்தம்மாள்: ஒங்க மருமவளுக்கு... ஒடம்பு எப்படிங்க? நல்லா இருக்காளா?

காசியம்மா: ஏழு மாசம்.

லூர்தம்மாள்: ஏழா!

காசியம்மா: போன வெள்ளிக்கெழம வளையல் போட்டோம். பெத்தவ வந்து போட வேண்டியது. யாருமில்ல, நான்தான் போட்டேன். எங்க சனமெல்லாம் என்னயத்தான் பாக்குது, 'பொண்ணு வூட்டு சீரு எங்க, பொண்ணு வூட்டு சீரு எங்க'ன்னு. நானே ஒரு தட்ட மறச்சு வெச்சிருந்து, இதுதான் அவங்க அனுப்புனதுன்னு கொண்டாந்து வெச்சேன். அது தட்டப் பாத்துச்சு. என்னயப் பாத்துச்சு. ராத்திரி வந்து என் காலுகிட்ட படுத்துக்கிச்சு.

லூர்தம்மாள்: மாதாவே...

காசியம்மா: அழுவுறீங்களா?

லூர்தம்மாள்: இல்ல.

காசியம்மா: சவுக்கு ஊசி கண்ணுல விழுந்திருக்கும்.

லூர்தம்மாள்: ஆமாங்க... ஊசிதான். அவ... எதாவது சாப்புடுறாளா? வாந்தி கீந்தி... சின்ன வயசுலேருந்தே எங்க... இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குக் காலையில வெறும் வயித்துல தல சுத்தும். ஒரு வாய் கஞ்சி குடுத்துட்டுத்தான் எழுப்பணும்.

காசியம்மா: குடுக்குறேன். வெல்லம் போட்டு.

லூர்தம்மாள்: வெல்லம் போட்டாதான் குடிப்பா.

காசியம்மா: ம்.

லூர்தம்மாள்: நான்... பொதுவாச் சொன்னேன். புள்ளைங்க வெல்லம் போட்டாதான...

மருதையன்: இந்தாங்கம்மா, வழி விடுங்க! எப்படி? கோயில் கோபுரமாட்டம் இல்ல? குமியலப் பூரா பொரட்டிப் போட்டுத்தான் எடுத்தேன். மூணு அடுக்கு. ஒரு பக்கம்கூட மொட்டையில்ல.

லூர்தம்மாள்: ரொம்ப நல்லா இருக்குங்க. எவ்வளவுன்னு...

மருதையன்: அடுப்புக்குப் போறதுக்கு என்னம்மா காசு? பண்டிக முடிஞ்சப்பறம் ஒங்க வூட்டு அடுப்புல வெச்சிடுங்க, வெந்நீராவது காயும். இருங்க, கயித்தப் போட்டுக் கட்டித் தர்றேன். பஸ்ஸு மேல போட்டுடலாம். காரைக்கால்ல எந்தத் தெரு?

லூர்தம்மாள்: மாதா கோயில்... பக்கம்.

மருதையன்: மாதா கோயில் பக்கமா! அப்ப லூர்துநாதன்னு ஒருத்தரத் தெரியுமா? மெரியில வேலை பாத்தவரு.

காசியம்மா: ஏங்க...

மருதையன்: இரு புள்ள, அவுங்களுக்குத் தெரிஞ்சாலும் தெரியும்ல. நம்ம மருமவ சலோமியோட அப்பாருதாம்மா. அவருக்கு எங்க மேல கோவம். கோவம் இருக்கும்ல? பொண்ணப் பெத்து, படிக்க வெச்சு, ஒரு சொல்லு கேக்காம எங்க பய கூட்டிக்கிட்டு வந்துட்டான். எனக்கு ஒரு பொண்ணு இருந்து இப்படிப் போயிருந்தா நானும்தான் குதிச்சிருப்பேன். நீங்க அவரப் பாத்தா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. 'ஒங்க பொண்ணு நல்லா இருக்கு'ன்னு. வேற ஒண்ணும் வேணாம். வர வேணாம், போவ வேணாம். அந்தச் சேதி மட்டும் அவரு காதுல விழுந்தாப் போதும். எங்கயோ ஒரு ராத்திரி தூக்கம் வராமப் பொரண்டுக்கிட்டு இருப்பாருல்ல மனுஷன்...

லூர்தம்மாள்: சொல்றேங்க.

மருதையன்: மறந்துடாதீங்க.

லூர்தம்மாள்: மறக்க மாட்டேன்.

காசியம்மா: போதும். ஆளுங்களுக்கு டீ வாங்கணும்ல. தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டுப் போங்க.

மருதையன்: மரத்த ரோடு வரைக்கும் தூக்கிக் குடுத்துட்டு...

காசியம்மா: நான் பாத்துக்குறேன். நீங்க போங்க. கொட்டாயிப் பக்கம் போவாம, குறுக்கால போங்க.

மருதையன்: பாம்பு இருக்குல்ல, ஆமா ஆமா. வர்றேம்மா. பண்டிக நல்லாக் கொண்டாடுங்க.

காசியம்மா: ம்... ஆச்சு. கேட்டதுக்கு மேலேயே அழகாக் கெடச்சிடுச்சு. காசு செலவில்ல. ஒரு மரமும் சாவல. தூக்கி விடட்டா?

லூர்தம்மாள்: தூக்குறேன்... இருங்க.

காசியம்மா: என்ன?

லூர்தம்மாள்: ஒண்ணுமில்ல. கயிறு... முடிச்சு சரியா இருக்கான்னு பாக்குறேன்.

காசியம்மா: மூணு தடவ பாத்துட்டீங்க. முடிச்சு கெட்டியாத்தான் இருக்கு. காலுதான் வரமாட்டேங்குது. இல்லியா, சம்பந்தியம்மா?

லூர்தம்மாள்: ...என்ன சொன்னீங்க?

காசியம்மா: காதுல விழுந்ததத்தான் சொன்னேன்.

லூர்தம்மாள்: எப்பலேருந்து தெரியும்?

காசியம்மா: நீங்க ரோட்ட விட்டு வரப்புல எறங்குனப்பவே. நான் கண்டுபுடிக்கல. நான் ஒங்க மொகத்த எங்க கண்டேன்? சலோமிதான் கஞ்சி கொண்டாந்துட்டு என்கூட நின்னுக்கிட்டு இருந்திச்சு. 'அத்தே, அஞ்ச வர்றது எங்கம்மா'ன்னுச்சு. சொல்லிட்டுக் கொட்டாயிக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிச்சு. கூப்புடட்டான்னு கேட்டேன். வேணாம்னுடுச்சு. 'எதுக்கு வந்திருக்காங்கன்னு கேளுங்க. மரத்துக்குன்னு சொன்னா, நல்ல மரமாப் பாத்துக் குடுத்து அனுப்பிடுங்க. என்னயப் பாக்க வந்தேன்னு அவங்க வாயாலேயே சொன்னா மட்டும் கூப்புடுங்க'ன்னு சொல்லிச்சு. அந்த ஒரு வார்த்தைய வரவைக்கத்தான் இவ்வளவு நேரமா ஒங்களக் குத்துறேன், கிண்டுறேன், பாவம்னுகூட பாக்கல... நீங்க என்னடான்னா திரேசம்மாங்குறீங்க, புள்ளையே இல்லங்குறீங்க. கடசியாக் கேக்குறேன். எதுக்கு வந்தீங்க?

லூர்தம்மாள்: மரத்துக்கு வரலீங்க. அவ போனதுலேருந்து எங்க வூட்ல மரமே வைக்கல. எம்மவளப் பாக்கத்தான் வந்தேன்... இருங்க, இன்னும் கூப்புடாதீங்க. நான் தனியா வரல. அவரும் வந்திருக்காரு. ரோட்டோர மதகுல குந்தியிருக்காரு. அன்னிக்கு நான் அந்த வத்திய அணைச்சதுலேருந்து அவருக்குத் தூக்கமில்ல. 'மரம் கேக்குற மாதிரி போ, அவ நல்லா இருக்காளான்னு மட்டும் பாத்துட்டு வா, நான் வந்தேன்னு சொல்லிடாத'ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டு அனுப்புனதே அவருதான். எனக்குக் கடுதாசி வந்ததும் தெரியாது, அவரு திருப்பி அனுப்புனதும் தெரியாது. இப்ப நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். மொதல்ல போயி இது எல்லாத்தையும் அவகிட்ட சொல்லுங்க. தெரிஞ்சுக்கிட்டு அவ கதவத் தொறக்கட்டும். அவர இஞ்ச வரச் சொல்றதா, அப்படியே பஸ் ஏறிப் போவச் சொல்றதா... அத அவதான் சொல்லணும். அது வரைக்கும் நான் இஞ்சதான் நிப்பேன்.